ஒன்றும் இரண்டும் வயதுப் பிள்ளைகள்

அரியலூருக்குக் கிழக்கே இருக்கும் விக்கிரமங்கலத்தின் பெயர் எந்தச் சோழனைச் சுட்டுகிறது என்ற கேள்வியோடு சென்ற பகுதி நின்றது. முதலாம் இராசேந்திரனுக்கு விக்கிரமசோழன் என்றொரு விருதுப் பெயர் உண்டு. அவன் மகள் வயிற்றுப் பேரனான முதற் குலோத்துங்கனின் மகன் அந்தப் பெயரிலேயே 1118 முதல் அரசாண்டான். கல்வெட்டுகள் சொல்லும் விக்கிரமசோழபுரம் இந்த ஊர்தான் என்றும், சோழர்க்கு இங்கே ஓர் அரண்மனை இருந்தது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊர்ப் பெயரின் உரிமையை இருவரில் எவருக்குக் கொடுத்தாலும் இன்றைய பேச்சுக்கு அது தடையில்லை. ஏனென்றால் இன்று கேட்கப்போவது வேறு கேள்வி. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சூழ்ந்த இந்த வட்டாரத்துக் குடிகள் தங்கள் அரசன்மேல் அன்பு வைத்திருந்தார்கள் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. சரி, அரசன் கண்மூடியபின் அந்த அன்பு யாரிடம் போயிற்று? அடுத்து முடிசூடியவனுக்கு அது சொத்தைப்போலக் கைமாறியதா? நமது பாடப்புத்தகங்களில் சோழர் வரலாறு தந்தை, மகன், பேரன் என்று முடிச்சில்லாத கயிறாக ஓடுகிறது. ஆனால் இந்தக் கயிறு இரண்டு முறை அறுந்திருக்கிறது, ஒருமுறை 1070இல், மறுமுறை அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து. இரண்டு முறையும் முடிச்சுப் போட்ட இடம் கங்கைகொண்ட சோழபுரம். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அரசன்மேல் இருந்த அன்பு அவனோடு முடிந்தது, வாரிசின்மேல் ஐயம் எழுவது இயல்பு என்று சோழ அரசாங்கமே எதிர்பார்த்தது, அதற்கு வேண்டிய ஏற்பாட்டை அரசன் உயிரோடு இருக்கும்போதே செய்து வைக்கவும் பழகியிருந்தது.

முதலில் அன்புக்குச் சான்று எங்கே என்று பார்க்க வேண்டும். எல்லோரும் கைகாட்டுவது உலா இலக்கியத்தை. அரசன் வீதியில் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்கி வளை நெகிழ்ந்து நிற்கிறார்கள். ஊரே அரசன்மேல் காதல்கொண்டது என்பதற்கு இதைவிட விரிவான சித்திரம் தமிழில் இல்லை. ஆனால் ஒட்டக்கூத்தர் இந்தச் சித்திரத்தை மூன்று அரசர்க்கு எழுதினார்: விக்கிரமசோழனுக்கு ஒன்று, அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கனுக்கு ஒன்று, பேரன் இரண்டாம் இராசராசனுக்கு ஒன்று. மூன்றிலும் அதே ஏழு பருவம், அதே மயக்கம். தந்தைக்காக நெகிழ்ந்த வளை மகனுக்காகவும் பேரனுக்காகவும் தவறாமல் நெகிழ்கிறது. புலவரின் திறத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. மூன்று தலைமுறையிலும் சலிக்காமல் எழுதியவர் அவர். வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளும்போது மட்டும் ஒரு சங்கடம் வருகிறது. உலாவில் காணும் அன்பு சிம்மாசனத்தின்மேல் உள்ளது. அதில் அமர்ந்திருக்கும் ஆளைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது. சொல்லப்போனால், அரசன் மாறினாலும் அன்பு மாறவில்லை என்று காட்டுவதே அந்த இலக்கிய வகையின் வேலை. மாறக்கூடும் என்ற அச்சம் இல்லாத இடத்தில் அப்படிக் காட்ட வேண்டிய தேவை எழுந்திருக்குமா?

கல்வெட்டுகளின் முகப்பில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்திகளும் அப்படியே. விக்கிரமசோழன் தன் பத்தாம் ஆட்சியாண்டில், 1128 அளவில், சிற்றரசர் கொணர்ந்த திறைப் பொருளைக் கொட்டித் தில்லைக் கோயிலைப் பொன்மயமாக்கினான் என்பதை அவன் மெய்க்கீர்த்தி பெருமையோடு விரிக்கிறது. தியாகசமுத்திரம் என்ற பெயரும் அகளங்கன் என்ற பெயரும் அவனுக்கு உண்டு. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கோவிலடிக் கல்வெட்டு ஒன்று, காலம் பொல்லாததாகி ஊர் அழிந்து குடிகள் வெளியேறிவிட்டதைச் சொல்கிறது. தில்லையில் பொன், காவிரிக் கரையில் ஆளற்ற ஊர். இதைக்கொண்டு விக்கிரமசோழனைக் கொடுங்கோலன் என்று யாரும் சொல்ல முடியாது. பஞ்சம் அரசனைக் கேட்டு வருவதில்லை. ஆனால் மெய்க்கீர்த்தியைக் குடிகளின் குரலாக எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். குடிகளின் மனத்துக்குக் கொஞ்சம் நெருங்கிய சான்று வேறு இடத்தில் இருக்கிறது. அரசனின் திருமேனி நலத்துக்காக என்று சொல்லிக் கோயிலுக்கு விளக்கும் நிலமும் கொடுத்தவர்களின் கல்வெட்டுகளே அவை. அதிகாரிகளும் ஊர்ச்சபைகளும் செய்த தானங்கள் என்பதால் அவற்றிலும் முகத்துதி கலந்திருக்கலாம். என்றாலும் கையிலிருந்த பொருளைக் கொடுத்தார்கள் அல்லவா, அந்த அளவுக்கு அவற்றை நம்பலாம்.

இப்படிப்பட்ட கல்வெட்டுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதிராசேந்திரன் காலத்தது. வீரராசேந்திரன் 1070இல் இறந்தபின் முடிக்கு உரியவன் அவன் மகன் அதிராசேந்திரன். அவன் நோயுற்றிருந்தபோது நலம்பெற வேண்டித் திருப்பதியம் ஓத ஏற்பாடு செய்ததைக் கும்பகோணம் வட்டாரக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அரசனுக்காகக் கோயிலில் தேவாரம் ஓதுகிறார்கள். அதே அரசன் தனித்து ஆண்டது சில மாதங்கள்தான். அவன் முடிவைப் பற்றிச் சொல்பவர் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப் புலவர் பில்கணர். விக்கிரமாதித்தன் வீரராசேந்திரனின் மகளை மணந்தவன். ஆகவே அதிராசேந்திரனுக்கு மைத்துனன் முறை. மாமன் இறந்தான், சோழநாட்டில் கலகம் என்று கேட்டதும் அவன் முதலில் காஞ்சிக்குப் போய் அங்கே தீயவர்களை ஒடுக்கினான். பின்பு கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்து பகைவர் படையை அழித்து, மைத்துனனைச் சிம்மாசனத்தில் அமர்த்தினான். ஒரு மாதம் அங்கேயே தங்கி, எல்லாம் அடங்கிவிட்டது என்று நம்பித் துங்கபத்திரைக்குத் திரும்பினான். திரும்பிய சில நாட்களில், புதிய கலகத்தில் அதிராசேந்திரன் உயிரிழந்தான், வேங்கியின் அரசன் சோழநாட்டு அரியணையைக் கைப்பற்றிவிட்டான் என்ற செய்தி வந்தது. அந்த வேங்கி அரசன்தான் நாம் முதற் குலோத்துங்கன் என்று போற்றுகிறவன். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் சுவர்களுக்கு நடுவே நடந்த கதை இது.

பில்கணர் பகைவரின் புலவர், அவர் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குலோத்துங்கன்மேல் பழிபோடுவது அவருக்கு வசதி. ஆனால் அவர் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. குலோத்துங்கன் கொன்றான் என்று சொல்லாமல், நாட்டுக்குள்ளே எழுந்த பகையில் அவன் இறந்தான் என்றே சொல்கிறார். தன் அரசனின் மைத்துனனை அவன் நாட்டாரே வெறுத்தார்கள் என்பது விக்கிரமாதித்தனுக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. கலகம் செய்தவர்கள் உழுகுடிகளா, அதிகாரிகளா, படையினரா என்பதை அவர் சொல்லைக்கொண்டு முடிவுகட்ட முடியாது. மறுபக்கம் செயங்கொண்டார் இருக்கிறார். குலோத்துங்கனின் புலவரான அவர் கலிங்கத்துப்பரணியில், வீரராசேந்திரன் மறைந்தபின் நாட்டில் ஒழுங்கு குலைந்து கிடந்ததையும் அபயன் என்று தான் அழைக்கும் குலோத்துங்கன் வந்து அதை நிலைநிறுத்தியதையும் பாடுகிறார். நடுவில் அதிராசேந்திரன் என்று ஒருவன் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒன்றுக்கொன்று பகையான இரண்டு அவைகளிலிருந்து வந்த இரண்டு நூல்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: வீரராசேந்திரனுக்குப்பின் சோழநாடு கலங்கியது. அவன் மகன் என்பதற்காக மட்டும் நாடு யாரையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதே 1070இல்தான் இலங்கையில் முதலாம் விசயபாகு பொலன்னறுவையிலிருந்து சோழரை விரட்டினான். வாரிசுச் சண்டை உள்நாட்டோடு நிற்கவில்லை என்பதற்கு அந்த இழப்பே போதும்.

அதிராசேந்திரனை இராமானுசரைத் துன்புறுத்திய கிருமிகண்டசோழனாகக் கண்டு, வைணவர்களின் சினமே கலகத்துக்குக் காரணம் என்று எழுதியவர்களும் உண்டு. சில மாதங்கள் தனித்து ஆண்ட, அதிலும் நோயில் கிடந்த ஒருவன் அவ்வளவு பெரிய துன்புறுத்தலை நடத்தினான் என்று நம்புவது கடினம். இராமானுசர் கருநாட்டுக்குப் போனதாகச் சொல்லப்படும் காலமும் இதற்குப் பிந்தியது. ஆகவே இதை விட்டுவிடலாம். நமக்குப் பயன்படுவது குலோத்துங்கன் அதன்பின் என்ன செய்தான் என்பதுதான். அவன் தாய் அம்மங்கை இராசேந்திரனின் மகள். தந்தையோ கீழைச்சாளுக்கிய மரபினன். தாய்வழியில் சோழன், தந்தைவழியில் அயலான். இப்படிப்பட்டவன்மேல் ஐயம் எழாமல் இருக்குமா? அவனுக்கு நிலைத்த பெயர் சுங்கம் தவிர்த்த சோழன். வணிகர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் விக்கிரமங்கலம் போன்ற ஊர்களில் வழிச்சுங்கம் நீங்கியது எத்தனை பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று ஊகிக்கலாம். அதே கையால் அவன் 1086இல் நிலத்தை அளக்கச் செய்தான். வழியில் விட்டதை வயலில் பிடித்தான் என்று சொன்னால் கொஞ்சம் குறும்பாக இருக்கும், ஆனால் தவறாக இருக்காது. 1070இல் அயலானாக வந்தவன் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆண்டான். அன்பு அவனுக்குப் பரம்பரையாக வரவில்லை; அவன் அதைச் சம்பாதித்துக்கொண்டான்.

சம்பாதிக்கக் காலம் வேண்டும். புதிய அரசன் முடிசூடிய முதல் சில மாதங்களில்தான் ஆபத்து. இதைச் சோழர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். இல்லாவிட்டால் தந்தை உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு முடிசூட்டும் வழக்கத்துக்கு என்ன பொருள்? முதலாம் இராசராசன் 1012இல் இராசேந்திரனைத் துணையரசனாக்கினான். இராசேந்திரன் 1018இல் இராசாதிராசனை அப்படி ஆக்கினான். விக்கிரமசோழன் 1133இல் இரண்டாம் குலோத்துங்கனையும், அவன் 1146இல் இரண்டாம் இராசராசனையும். இருவர் பெயரிலும் ஒரே காலத்தில் கல்வெட்டு எழுதினால், பழைய அரசன் மறையும்போது மக்கள் புதிய பெயருக்குப் பழகியிருப்பார்கள். கொப்பத்துப் போர்க்களத்தில் 1054இல் இராசாதிராசன் யானைமேல் இருந்தபடியே இறந்தபோது, அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் அதே களத்தில் முடிசூடிக்கொண்டான். ஒரு பகற்பொழுதுகூட அரியணை காலியாக இருக்கக் கூடாது என்ற பதற்றம் அதில் தெரிகிறது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் இதே நூற்றாண்டில், 1066 சனவரியில், பிள்ளையில்லாத எட்வர்டு இறந்ததும் பெரியோர் அவை ஹெரால்டைத் தேர்ந்தெடுத்து முடிசூட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நார்மண்டியின் வில்லியம் அவனைப் போரில் வீழ்த்தித் தானே முடிசூடிக்கொண்டான். அவை கூடித் தேர்ந்தாலும் அது போதாமல் போகலாம் என்பதற்கு அது ஒரு சான்று. சோழர் முறை அதைவிட முன்யோசனை உள்ளது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: துணையரசனாக்க வளர்ந்த மகன் ஒருவன் இருக்க வேண்டும்.

இரண்டாம் இராசராசனுக்கு அப்படி ஒருவன் இல்லை. தாராசுரத்தில் இராசராசேச்சுரத்தைக் கட்டியவன் அவன். தக்கயாகப்பரணியும் ஓர் உலாவும் அவன் காலத்தில் ஒட்டக்கூத்தர் செய்தவை. வெளியே பெரிய போர் இல்லை. உள்ளே கலையும் கோயிலும். மக்கள் அவனை விரும்பினார்கள் என்று சொன்னால் மறுக்க எனக்குக் காரணம் இல்லை. மயிலாடுதுறைக்கு அருகே பல்லவராயன்பேட்டையில் உள்ள கல்வெட்டு அவன் மறைவின்போது நடந்ததைச் சொல்கிறது. இரண்டாம் இராசாதிராசனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது அது. அரசன் இறந்தபோது பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். அவர்களையும் அந்தப்புரத்தாரையும் பரிவாரத்தையும் ஆயிரத்தளிப் படைவீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வெளியேறிப் பாதுகாக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் காரிகைக்குளத்தூர்த் திருச்சிற்றம்பலமுடையான் பெருமான்நம்பி என்னும் பல்லவராயர். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தந்தையின் அரண்மனைக்குள்ளேயே, அந்த அரசனின் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இல்லை. ஊர்ப் பெண்கள் வளை நெகிழ்ந்து நின்றதாகப் பாடப்பெற்றவனின் குழந்தைகள் அவர்கள். எந்தப் பகைவனுக்கு அஞ்சினார்கள் என்பது தெளிவாக இல்லை. அஞ்சினார்கள் என்பது தெளிவு.

கல்வெட்டின் மறுபாதிதான் என் வாதத்துக்கு உயிர். முடிசூடத்தக்க பிள்ளை இல்லை என்பது இராசராசன் உயிரோடு இருந்தபோதே உணரப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தில் வாழ்ந்த அரச குலத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து, விக்கிரமசோழனின் பேரன் என்று சொல்லப்படும் எதிரிலிப்பெருமாளைத் தேர்ந்தார்கள். நெறியுடைப்பெருமாளின் மகன் அவன். முதலில் இளவரசுக்குரிய சிறப்பைச் சூட்டினார்கள். பின்பு இராசாதிராசன் என்ற பெயரில் முடிசூட்டினார்கள். உடன்கூட்டமும் நாடும் ஒன்றுபட்டு நடக்கும்படி செய்தார்கள். அரசனைச் சூழ்ந்து நின்ற அதிகாரிகளின் குழுவை உடன்கூட்டம் என்று கொண்டால், நாடு என்பது வேளாண் ஊர்களின் தலைவர்கள் கூடிய நாட்டவை. அவர்களின் இசைவைக் கல்லில் எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இராசராசன் இறக்கும்போது அந்த இசைவு தானாக வராது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். குலத்தை விட்டு வெளியே போகவும் அவர்கள் விரும்பவில்லை. இரண்டு தலைமுறை பின்னால் போய், நல்ல பெயரோடு மறைந்த விக்கிரமசோழனின் வழியில் ஒரு வளர்ந்த பிள்ளையைப் பிடித்தார்கள். கங்கைகொண்ட சோழபுரம் அப்போது முதன்மைத் தலைநகராக இல்லாவிட்டாலும், பட்டத்துக்கு நேர்வரிசையில் இல்லாத கிளைகள் வாழ்ந்த இடமாக இருந்தது. தேவைப்படும்போது அரசனை எடுத்துக்கொள்ளும் இருப்பறை என்றே சொல்லலாம்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது இது: பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு பல்லவராயரின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும்போது வெட்டப்பட்டது, தங்கள் தலைவர் செய்த சேவையைப் பெரிதுபடுத்துவது அவர்களுக்கு ஆதாயம், அதை எப்படி அப்படியே நம்புவது? அப்படியே நம்ப வேண்டாம். தேர்வில் பல்லவராயரின் பங்கு எவ்வளவு என்பதில் மிகை இருக்கலாம். ஆனால் புதிய அரசனின் எட்டாம் ஆண்டில், அவன் ஆணையின்கீழ் வெட்டப்பட்ட கல்வெட்டு, அவன் நேர்வாரிசு அல்லன் என்பதையும், நேர்வாரிசுகள் கைக்குழந்தைகள் என்பதையும், அவனை ஏற்கச் செய்ய முயற்சி தேவைப்பட்டது என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறது. முகத்துதி செய்பவன் இதை மறைத்திருப்பான். ஊரறிந்த உண்மை என்பதால்தான் மறைக்கவில்லை.

நாடு என்றால் மக்கள் ஆகிவிடுமா என்பது அடுத்தது. ஆகாது. நாட்டார் நிலவுடைமையாளர்கள், கூலிக்கு உழுதவனையோ தறி நெய்தவனையோ யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1070இல் யார் எழுப்பியது என்று தெரியாத கொந்தளிப்பு, நூறாண்டுக்குப்பின் நிலக்கிழார்களின் கூட்டத்துக்குள் அடைக்கப்பட்டுவிட்டது என்றுகூடச் சொல்லலாம். என் வாதத்தை இது குறுக்குகிறது, ஆனால் உடைக்கவில்லை. வரியைத் திரட்டிக் கொடுத்தவர்கள் நாட்டார். அவர்கள் ஐயுற்றால் கருவூலம் வறளும். மூன்றாவதாக ஆண்டுக்கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. இராசாதிராசன் ஆட்சியேற்றதை 1163 என்றும் 1166 என்றும் கணக்கிடுகிறார்கள். இரண்டாம் இராசராசன் பெயரில் அதற்குப் பின்னும் 1173 அளவுவரை கல்வெட்டுகள் கிடைக்கின்றன. இறந்தவன் பெயரில் எப்படி ஆண்டு ஓடும்? தேர்வு அவன் வாழ்நாளிலேயே நடந்து, இருவர் பெயரும் சேர்ந்து ஓடின என்று கொண்டால் சிக்கல் பெருமளவு அவிழ்கிறது. பழைய துணையரசு முறையை மகன் இல்லாத இடத்திலும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவன்மேல் ஐயம் உடனே தீர்ந்ததாகத் தெரியவில்லை. அவன் காலத்தில் பாண்டிய நாட்டு உரிமைச் சண்டையில் இலங்கையின் பராக்கிரமபாகு தலையிட்டுப் படை அனுப்பினான். காஞ்சிக்கு அருகே ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டில், எதிரிலிசோழச் சம்புவராயர் என்ற தலைவர் சிங்களப் படையை எண்ணி அஞ்சி, உமாபதிதேவர் என்ற சைவப் பெரியாரிடம் போனதைக் காண்கிறோம். அவர் 28 நாள் வழிபாடு செய்தார். பகைவர் தோற்றார்கள் என்ற செய்தி வந்தபின் ஆர்ப்பாக்கம் அவருக்குத் தானமாயிற்று. தொண்டைமண்டலத்தில் இருந்த ஒரு சிற்றரசன் தென்கோடிப் போருக்கு இவ்வளவு நடுங்கினான் என்றால், சோழ அரசின் கை வலுவானது என்ற நம்பிக்கை அவனிடம் இல்லை என்றுதான் பொருள். போரை வென்று கொடுத்தவர்களில் பல்லவராயரும் ஒருவர். பகைப் படைத்தலைவர்களின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் அறைந்ததாக அவர் கல்வெட்டே சொல்கிறது. அரசனைத் தேடிப்பிடித்தவரே அரசனின் பெயரையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. பின்பு அவர் நோயுற்று இறந்தார். நிலம் அவர் உறவினருக்குப் போயிற்று.

ஆயிரத்தளியை விட்டுக் கொண்டுபோகப்பட்ட அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள்? இராசாதிராசனுக்குப்பின் 1178இல் அரியணை ஏறிய மூன்றாம் குலோத்துங்கன் அவர்களில் ஒருவன் என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவன் பிறப்பைப் பற்றிய கேள்வி இன்றுவரை தீரவில்லை. மதுரையை வென்றபின் அவன் வீராபிஷேகம் செய்துகொண்டான். கருவூரில் விசயாபிஷேகம் செய்துகொண்டான். ஒருமுறை முடிசூடியவன் மீண்டும் மீண்டும் நீராடி முடிசூட வேண்டிய அவசியம் என்ன என்பதையும், அவன் சம்பாதித்த அன்பை அவனுக்குப்பின் வந்த மூன்றாம் இராசராசன் எப்படித் தொலைத்து, 1231இல் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கனின் சேந்தமங்கலச் சிறையில் போய் உட்கார்ந்தான் என்பதையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.